35 நிமிடமா, 7 நாளா? போர்முறை எப்படித்தான் மாறுகிறது

மணற்கேணி (இழையைத் தொடங்கியவர்):

போன வருடம் வேலை விஷயமாக வட பிரான்சில் லீல் நகரத்தில் இரண்டு வாரம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நெவ் ஷப்பேல் என்ற சின்ன ஊருக்குப் போனேன். சுற்றிலும் வயல், நடுவில் வட்டமாக ஒரு மதில், தாமரை வைத்த உயரமான தூண், அதன் இரண்டு பக்கமும் கல்புலி. முதல் உலகப்போரின் மேற்கு முனையில் இறந்து, புதைத்த இடம்கூடத் தெரியாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் அந்த மதிலில் இருக்கின்றன. நான் போன நேரத்தில் அங்கே வேறு ஒருவரும் இல்லை.

திரும்பி வந்ததும் அந்தச் சண்டையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது, அதனால்தான் இந்த இழை.

1915 மார்ச் 10. பிரிட்டிஷ் படையும் இந்தியப் படைப்பிரிவும் சேர்ந்து தாக்குகின்றன. சுமார் 340 பீரங்கிகள், இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான நீளத்தைக் குறிவைத்து, வெறும் 35 நிமிடம் சுடுகின்றன. ஜெர்மன்காரர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் முதல் அகழி போய்விட்டது, காலைக்குள் ஊரே கைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு? மேலிடத்து உத்தரவுக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். தொலைபேசிக் கம்பிகள் அறுந்துவிட்டன, ஓடிப்போய்ச் சொல்ல ஆள் அனுப்ப வேண்டும். அந்த இடைவெளியில் எதிரி ஆள் சேர்த்துவிட்டான். மூன்று நாளில் 11,000க்கும் மேல் இழப்பு, கையில் மிஞ்சியது அந்த ஊர் மட்டும்.

இதிலிருந்து என்ன பாடம் எடுத்திருக்க வேண்டும்? என் சின்ன மூளைக்கு எட்டியவரை: குறுகிய நேரம், ஒரே இடத்தில் குவித்த குண்டு, எதிர்பாராத தாக்குதல் இவை பலிக்கின்றன, ஆனால் செய்தி போய்வர வழியில்லாததால் கிடைத்ததைப் பயன்படுத்த முடியவில்லை. அவர்கள் எடுத்த பாடமோ இன்னும் குண்டு வேண்டும், இன்னும் நேரம் வேண்டும் என்பது. அடுத்த வருடம் வட பிரான்சின் சொம் ஆற்றுப் பகுதியில் 7 நாள் தொடர்ந்து, 15 லட்சத்துக்கும் அதிகமான ஷெல்களைச் சுட்டார்கள். 1916 ஜூலை 1 காலை பிரிட்டிஷ் படை அகழியை விட்டு எழுந்து நடந்தது. அந்த ஒரு நாளில் 57,470 பேர் இழப்பு, அதில் இறந்தவர்கள் மட்டும் 19,240.

தளபதிகள் எப்போதும் போன போருக்குத்தான் தயாராகிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறோம். எனக்கு என்னவோ அவர்கள் போன போரையே சரியாகப் படிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. உங்கள் கருத்து?

.

நள்ளிரவு வாசகன்:

பிரிட்டிஷ்காரர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஜெர்மன் பக்கம் பாருங்கள். புயல்படை என்று சிறு குழுக்கள், கைக்குண்டு, தீப்பீச்சி, இலகு மோர்ட்டார், பலவீனமான இடத்தில் புகுந்து உள்ளே போய்க்கொண்டே இரு, வலுவான இடத்தைப் பின்னால் வருபவன் பார்த்துக்கொள்வான். ஹூட்டியர் என்ற ஜெர்மன் தளபதி கண்டுபிடித்த முறை. 1918 மார்ச்சில் பிரிட்டிஷ் அணியைக் கிழித்தெறிந்தார்கள். ஒரு தரப்பில் மூளை, இன்னொரு தரப்பில் மீசை. அவ்வளவுதான்.

.

ஓய்வுபெற்ற கன்னர்:

தம்பி மணற்கேணி, நல்ல கேள்வி. நான் பீரங்கிப் படையில் 24 வருடம் இருந்தவன், புத்தகம் அதிகம் படித்தவனில்லை. ஆனால் 35 நிமிடத்துக்கும் 7 நாளுக்கும் நடுவில் இருக்கிற விஷயம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அது எங்கள் தொழில்.

புது இடத்தில் கன்னை நிறுத்தியவுடன் முதல் ஷெல் நினைத்த இடத்தில் விழாது. ஓ.பி.யில், அதாவது முன்னால் இருக்கும் கண்காணிப்பு இடத்தில், ஒருவன் உட்கார்ந்து பார்க்க வேண்டும், 200 கூட்டு, 50 குறை, வலது போ என்று சொல்லிச் சொல்லித் திருத்த வேண்டும். இதற்கு ரெஜிஸ்டர் செய்வது என்று பெயர். அந்தக் காலத்தில் இதைச் செய்யாமல் சுட்டால் குண்டு வீண். செய்தாலோ எதிரிக்கு விஷயம் தெரிந்துவிடும், "ஓ, இங்கே புதிதாகப் பேட்டரி (சில கன்கள் சேர்ந்த அணி) வந்திருக்கிறது" என்று.

நீங்கள் சொன்ன அதே நெவ் ஷப்பேலில் இடது ஓரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே சுட வேண்டிய பேட்டரிகள் முந்தின நாள்தான் வந்து சேர்ந்தன. ஒழுங்காக ரெஜிஸ்டர் செய்ய நேரமில்லை. முள்கம்பி அறுபடவில்லை, மெஷின் கன் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் போன இரண்டு பட்டாலியன்கள் கம்பிக்கு முன்னாலேயே முடிந்தன. ஒரே நாள், ஒரே திட்டம், நடுவில் வெற்றி, ஓரத்தில் படுகொலை. அந்த ஓரத்தைப் பார்த்தவன் என்ன பாடம் எடுப்பான்? "இன்னும் நேரம் கொடுங்கள்" என்றுதான் கேட்பான். அவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

.

தாமிரபரணி:

கன்னர் அய்யா சொன்னதோடு இன்னொன்றும் சேர்க்கிறேன்.

//அவர்கள் எடுத்த பாடமோ இன்னும் குண்டு வேண்டும், இன்னும் நேரம் வேண்டும் என்பது//

நடுவில் ஒரு படியை விட்டுவிட்டீர்கள் மணற்கேணி. 1915 மே 9 அன்று, அதே வட்டாரத்தில் ஓபேர் மேட்டில், கிட்டத்தட்ட அதே செய்முறையைத் திரும்பவும் செய்து பார்த்தார்கள். 40 நிமிடக் குண்டுவீச்சு. ஒரே நாளில் 11,000 பேர் இழப்பு, கிடைத்தது ஒன்றுமில்லை. ஏன்? இரண்டு மாதத்தில் ஜெர்மன்காரர்கள் மண்தடுப்பைத் தடிமனாக்கி, முள்கம்பியை அகலமாக்கி, மெஷின் கன்களைத் தரையோடு தாழ்த்திப் பதுக்கிவிட்டார்கள். நெவ் ஷப்பேலில் அவர்களும் பாடம் படித்தார்கள் அல்லவா! அடுத்த வாரமே ஃபெஸ்டுபெர்ட்டில் இரண்டு நாளுக்கு மேல் சுட்டுவிட்டுப் போனபோது கொஞ்சம் இடம் கிடைத்தது. அப்படியென்றால் 40 நிமிடம் தோல்வி, 60 மணி நேரம் ஓரளவு வெற்றி. கையில் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நீங்கள் தளபதியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஆக, பாடம் தப்பு என்று சொல்ல முடியாது. சரியான பாடம்தான், ஆனால் கேள்வித்தாளை எதிர்த்தரப்பு மாற்றிக்கொண்டே இருந்தது. சொம்முக்கு வரும்போது ஜெர்மன் வீரன் சுண்ணாம்புப் பாறைக்குள் சில இடங்களில் 9 மீட்டர் ஆழத்தில் குடைந்து உட்கார்ந்திருந்தான். 15 லட்சம் ஷெல் என்று கேட்கும்போது பிரமாண்டமாக இருக்கிறது, ஆனால் அதை எவ்வளவு நீளத்துக்கு, எத்தனை வரிசை அகழிக்குப் பரப்பினார்கள் என்று வகுத்துப் பார்த்தால் ஒரு கெஜத்துக்கு விழுந்த எடை நெவ் ஷப்பேலை விடக் குறைவு. மேலே பங்கீடு போட்டவர்கள் மொத்தத்தைப் பார்த்தார்களே தவிர வகுத்துப் பார்க்கவில்லை. கோபப்பட வேண்டிய இடம் அதுதான், நாள் எண்ணிக்கையில் இல்லை.

இன்னொன்று. அந்த ஜூலை 1க்குப் பிறகு இரண்டே வாரத்தில், ஜூலை 14 அன்று பஸாந்தானில் இருட்டோடு இருட்டாகப் படைகளை எதிரியின் பக்கத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, கடைசி 5 நிமிடம் மட்டும் கடும் குண்டுமழை பொழிந்துவிட்டுப் பாய்ந்தார்கள். குவிப்பும் ஜூலை 1 போல இல்லை, பல மடங்கு. பிடித்துவிட்டார்கள். (அன்று மாலை ஹை வுட் என்ற காட்டுப் பக்கம் நம் தக்காணக் குதிரைப்படை ஈட்டியோடு பாய்ந்தது தனிக்கதை. 1916இல், மெஷின் கன்னுக்கு எதிரே!) அதாவது தெரிந்தவர்களுக்கு விஷயம் தெரிந்தே இருந்தது.

நள்ளிரவு வாசகனுக்கு: ஹூட்டியர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அது பிற்பாடு நேச நாட்டுப் பத்திரிகைகளும் ராணுவத்தினரும் ஒட்டிய பெயர். சிறு குழு முறையை 1915இல் இருந்து ரோர் என்ற கேப்டன் தன் பிரிவில் சோதித்து வளர்த்தார். குறுகிய, திடீர்க் குண்டுவீச்சை ஒழுங்குபடுத்தியவர் ப்ருக்முல்லர், அவர் ஓய்வு பெற்றிருந்து போருக்காகத் திரும்பி வந்த பீரங்கி அதிகாரி. இரண்டையும் சேர்த்து 1917 செப்டம்பரில் கிழக்கு முனையில் ரீகாவில் பயன்படுத்திய படைக்குத் தலைவர் ஹூட்டியர். பெயர் எப்போதும் மேலே இருப்பவருக்குப் போகும், இது ராணுவத்தில் மட்டும் நடப்பதில்லை :-)

.

நள்ளிரவு வாசகன்:

சரி, ஹூட்டியரை விடுங்கள். ஆனால் முறை ஜெர்மன் முறைதானே? பிரிட்டிஷ்காரன் 1918 வரை வரிசையாக நடந்துகொண்டே இருந்தான் என்பது உண்மைதானே?

.

மணற்கேணி:

இதற்கு நானே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நானும் நம்பியிருந்தேன். 1917 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவம் ஒரு சின்னக் கையேடு வெளியிட்டது, எஸ்.எஸ். 143 என்று எண். அதற்கு முன் பிளட்டூன் என்றால் துப்பாக்கி வைத்த 40 பேர். இந்தக் கையேடு அதை நான்காகப் பிரிக்கிறது: லூயிஸ் மெஷின் கன் குழு ஒன்று, கைக்குண்டு வீசும் குழு ஒன்று, துப்பாக்கியில் இருந்து கிரனேடு செலுத்தும் குழு ஒன்று, சாதாரணத் துப்பாக்கி, பயனெட் குழு ஒன்று. எதிரில் மெஷின் கன் வந்தால் ஒரு குழு சுட்டு அதன் தலையைத் தாழ்த்த, இன்னொரு குழு பக்கவாட்டில் சுற்றிப் போக வேண்டும். மேலே கேட்காமல் ஓர் இளம் லெஃப்டினென்ட் தானே முடிவெடுக்கலாம். இன்றைக்கும் காலாட்படைச் சிறு பிரிவுக்குச் சொல்லிக்கொடுப்பதன் எலும்புக்கூடு இதுதான்.

இரண்டு மாதம் கழித்து விமி மேட்டில் கனடாப் படை. அவர்களுடைய கரீ என்ற தளபதி அந்த ஜனவரியிலேயே பிரெஞ்சுப் படை சண்டையிட்ட வெர்டனுக்குப் போய், அவர்கள் அங்கே என்ன கற்றார்கள் என்று கேட்டுவிட்டு வந்திருந்தார். விமியில் 40,000 வரைபடங்கள் அச்சடித்து, அதிகாரிகளோடு நிறுத்தாமல் கீழே இருந்த சிப்பாய்கள் வரை கொடுத்தார்கள். பின்னால் ஒரு வயலில் நாடா கட்டி ஜெர்மன் அகழிகளைப் போலவே கோடு போட்டு ஒத்திகை பார்த்தார்கள். அதிகாரி செத்தாலும் சிப்பாய்க்கு அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரியும். நெவ் ஷப்பேலில் உத்தரவுக்காகக் காத்திருந்தார்களே, அதற்கான பதில் இரண்டு வருடம் கழித்து இங்கே வருகிறது.

.

ஈரோட்டுக்காரன்:

எல்லாரும் நூறு வருடத்துக்கு முந்தைய கதையே பேசுகிறீர்கள். இப்போது உக்ரைனில் சில பத்தாயிரம் ரூபாய்ச் சாமான்களைக் கோத்து ஒரு ட்ரோன் செய்து, கோடிக்கணக்கில் விலை போகும் டாங்கை உடைக்கிறான். டாங்க் செத்துவிட்டது, காலாட்படை செத்துவிட்டது. பழைய பாடத்தை எல்லாம் எடைக்குப் போட்டுவிடலாம்.

.

தாமிரபரணி:

டாங்குக்கு இது எத்தனையாவது சாவு என்று எண்ண வேண்டும். 1973 அக்டோபர் 8 அன்று, எகிப்து இஸ்ரேல் போரில், சினாயில் இதே இரங்கற்பா பாடப்பட்டது. 1967இல் டாங்கை வைத்து ஆறு நாளில் ஜெயித்த இஸ்ரேல், காலாட்படையும் மோர்ட்டாரும் பின்தங்கினால் பரவாயில்லை, டாங்க் மட்டும் போதும் என்ற முடிவுக்கு வந்திருந்தது. சூயஸ் கால்வாயைத் தாண்டி வந்த எகிப்தியச் சிப்பாய்களிடம் ஒரு பெட்டிக்குள் அடங்கும் சாகர் ஏவுகணை, பின்னால் கம்பி இழுத்துக்கொண்டு போகும், ஒரு குச்சியைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். தனியாகப் போன டாங்குகள் எரிந்தன. இத்தனைக்கும் அது ரகசிய ஆயுதமும் இல்லை, முந்தின வருடமே வியட்நாமில் பயன்பட்டதுதான்.

சில நாளிலேயே டாங்க்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள். ஏவுகணை மெதுவாக வரும், ஓட்டுபவன் அதன் மேலேயே கண் வைத்திருக்க வேண்டும். அதனால் ஒருவன் ரேடியோவில் கத்த, மற்றவர்கள் நகர்ந்துகொண்டே அது கிளம்பிய திசையைப் பார்த்துச் சுடுவது. கூடவே மோர்ட்டாரும் காலாட்படையும் திரும்பி வந்தன. டாங்க் பிழைத்தது, தனியாகப் போகும் டாங்க்தான் செத்தது.

அப்புறம், நள்ளிரவு வாசகன் விட்ட 1918 கதையையும் முடித்துவிடுகிறேன். மார்ச் 21 அன்று 6,600க்கும் மேற்பட்ட பீரங்கிகள், 5 மணி நேரம், பனிமூட்டம், புயல்படை உள்ளே பாய்ந்தது, எல்லாம் சரி. சில நாளில் சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் நடந்து போகிறவனுக்குப் பின்னால் பீரங்கியும் ரொட்டியும் வரவேண்டுமே? சொம்மில் அவர்களே நாசமாக்கிவிட்டுப் போன நிலத்தைக் கடந்துதான் வரவேண்டும். ஆல்பேர் ஊரில் பட்டினியாய் வந்த சிப்பாய்கள் ஒயின் கிடங்கைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். தேர்ந்தெடுத்த நல்ல ஆள்களை எல்லாம் புயல்படையில் போட்டதால் முதலில் செத்ததும் அவர்களே. முன்னால் இருந்த ஆமியான் நகரம் கடைசிவரை கிடைக்கவில்லை. தந்திரம் அருமை, அதைத் தூக்கிச் செல்ல வண்டி இல்லை.

.

ஓய்வுபெற்ற கன்னர்:

//பழைய பாடத்தை எல்லாம் எடைக்குப் போட்டுவிடலாம்//

ஈரோட்டுத் தம்பி, போடுங்கள், ஆனால் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 2023 ஜூனில் உக்ரைன்காரர்கள் ஓரிகிவ் பக்கம் மேற்கத்திய டாங்குகளை வரிசையாக விட்டார்கள். கண்ணிவெடி வயலில் மாட்டிக்கொண்டன. அதற்கு அப்புறம் என்ன செய்தார்கள்? வண்டியைப் பின்னால் நிறுத்திவிட்டு, சிறு சிறு குழுவாக, நடந்து, மரவரிசை மரவரிசையாகப் போனார்கள். இப்போது இரண்டு மூன்று பேராகப் போகிறார்கள், ஏனென்றால் மேலே ட்ரோன் பார்த்துக்கொண்டே இருக்கிறது, கூட்டம் சேர்ந்தால் அடி. ரேடியோவை ஜாம் செய்தால் ட்ரோன் விழுகிறது என்றதும் கண்ணாடி இழைக் கேபிளைப் பின்னால் இழுத்துக்கொண்டு பறக்கும் ட்ரோன் வந்தது. கம்பி இழுக்கும் சாகர் ஞாபகம் வருகிறதா? அதற்கு எதிராகச் சாலைக்கு மேல் மீன்வலை கட்டுகிறார்கள். நிஜமாகவே மீன்பிடி வலை.

புதுசாக இருப்பது வேகம். 1915இல் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் நடுவில் எதிரி மாறினான் என்று தாமிரபரணி அம்மா சொன்னார்கள். இங்கே வாரக்கணக்கில் மாறுகிறது, பட்டறையில் சாலிடர் வைக்கிறவனும் சண்டை போடுகிறவனும் நேராகப் பேசிக்கொள்கிறார்கள். கையேடு அச்சாகி வருவதற்குள் அது பழைய பேப்பர்.

என் ஓ.பி. வேலையைத்தான் ட்ரோன் எடுத்துக்கொண்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இரவெல்லாம் குளிரில் பைனாகுலரோடு படுத்திருந்தவன் நான்.

.

நள்ளிரவு வாசகன்:

சரி, ஒருவிதத்தில் தோற்றுப்போனேன் :-) ஆனால் ஒன்றை விடமாட்டேன். தோற்ற பிறகு படித்தவர்கள் ஜெர்மன்காரர்கள்தான். 1919 டிசம்பரிலேயே ஜெர்மன் ராணுவத் தலைமையில் இருந்த ஸேக்ட் 57 குழுக்கள் அமைத்து, போரில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதச் சொன்னார். பிரிட்டனில் அதே வேலைக்குக் கர்க் குழு அமைந்தது 1932இல்! ஜெயித்தவனுக்கு எதற்கு அவசரம்? 1940இல் பிரெஞ்சு டாங்குகளின் கவசம் பல ஜெர்மன் டாங்குகளை விடத் தடிமன். ஆனால் ஜெர்மன் டாங்குகளுக்குள் ரேடியோ இருந்தது, பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கமெலன் இருந்த வான்சேன் கோட்டையில் ரேடியோவே இல்லை. செய்தி மோட்டார்சைக்கிளில் போனது. 1915இன் அறுந்த தொலைபேசிக் கம்பியில் இருந்து கற்றுக்கொண்டது யார், கற்றுக்கொள்ளாதது யார்?

.

மணற்கேணி:

இதை ஏற்றுக்கொள்கிறேன். நான் இழை தொடங்கும்போது நினைத்ததும் இப்போது நினைப்பதும் வேறு. பாடம் தப்பாகப் படிக்கப்பட்டது என்பது பாதி உண்மைதான். சரியாகப் படித்தவன் கீழே இருந்தான், அது மேலே ஏறி, அச்சாகி, பக்கத்துப் படைக்குப் போய்ச்சேர எத்தனை நாள் ஆனது, அதற்குள் எதிரி எத்தனை முறை மாறினான் என்பதுதான் மீதி. கன்னர் அய்யா, கடைசியாக ஒன்று கேட்கிறேன். ரெஜிஸ்டர் செய்தால்தான் குறி, செய்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்றீர்களே, அந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள்?

.

ஓய்வுபெற்ற கன்னர்:

அது எனக்குப் பிடித்த கதை. கணக்குப் போட்டுத் தீர்த்தார்கள். கன் நிற்கும் இடத்தை நில அளவைக்காரனை வைத்து மிகச் சரியாக அளந்து வரைபடத்தில் ஏற்றுவது, ஒவ்வொரு பேரலும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது, காற்று, வெப்பம், அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்ப்பது. அப்புறம் ஒரு ஷெல்கூடச் சோதனைக்குச் சுடாமல் முதல் குண்டிலேயே அடிப்பது. 1917 நவம்பர் 20 அன்று வட பிரான்சின் கம்ப்ரேயில் பிரிட்டிஷ்காரர்கள் 470க்கும் அதிகமான டாங்குகளோடு இப்படித்தான் தொடங்கினார்கள்.

எதிரியின் கன் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே? அதற்கு லாரன்ஸ் ப்ராக் என்ற இளைஞர். 1915இல் 25 வயதில் இயற்பியல் நோபல் பரிசு வாங்கியவர், பரிசுச் செய்தி வந்தபோது போர்முனையில் இருந்தார். வரிசையாக மைக்குகளை வைத்து, கன் சத்தம் ஒவ்வொன்றையும் எந்த நொடியில் அடைகிறது என்ற வித்தியாசத்தில் இருந்து கன்னின் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அவருடையது. சாதாரண மைக் அதற்கு உதவவில்லை, ஷெல் காற்றைக் கிழிக்கும் சத்தத்தையே பிடித்தது. கன்னின் அடித்தொண்டைச் சத்தம் காதுக்கு அவ்வளவாகக் கேட்காது, ஆனால் காற்றைத் தள்ளும். கழிப்பறையில் உட்கார்ந்திருந்தபோது தூரத்துக் கன் வெடிக்கும்போதெல்லாம் தன்னைக் கீழிருந்து லேசாகத் தூக்குவதை அவர் கவனித்தார். அவரோடு இருந்த டக்கர் என்பவர், குடிசைச் சுவர் ஓட்டை வழியாக அதே நேரத்தில் குளிர்காற்று முகத்தில் வீசுவதைக் கவனித்தார். சூடான மெல்லிய கம்பியை ஓட்டையில் வைத்தால் காற்று பட்டுக் குளிரும், மின்தடை மாறும். அதுதான் மைக். 1918 ஆகஸ்ட் 8 அன்று ஆமியானில் நேச நாட்டுப் படை முன்னறிவிப்பே இல்லாமல் அடித்தபோது, ஜெர்மன் கன்களில் பெரும்பாலானவற்றின் இடம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

கார்கில் சமயத்தில் எதிரியிடம் நம் கன் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடார் இருந்தது, நம்மிடம் இல்லை. அந்த வருடம் ப்ராக்கை நான் நிறையத் தடவை நினைத்துக்கொண்டேன்.

இப்போது உக்ரைனில், ரஷ்யா ஏவும் ஷாஹித் ட்ரோன் வருவதைக் கண்டுபிடிக்க நாடு முழுக்கக் கம்பங்களில் ஆயிரக்கணக்கில் மைக் கட்டியிருக்கிறார்கள். விலை அதிகமில்லாத சாதாரண மைக்தான். எஞ்சின் சத்தம் எந்தக் கம்பத்துக்கு முதலில் கேட்கிறது, அடுத்தது எது என்று பார்த்து வழியைக் கணிக்கிறார்கள்.